சுவை பார்த்து வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

மடுல்கெல்ல மலைகளில் பறிக்கும் கொழுந்து தேயிலையாகிக் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. 1883இல் தொடங்கிய ஏலம் அது. வாங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே மாதிரி அனுப்பிவிடுவார்கள். அதை ஊற்றிச் சுவை பார்த்த பிறகுதான் அவர்கள் விலை கேட்பார்கள். அந்தக் கொழுந்தைப் பறித்த நம் முன்னோருக்கோ, தோட்டம் அளந்து கொடுத்த அரிசிதான் சாப்பாடு. அதன் விலையும் சம்பளத்தில் கழிந்துவிடும். பழையது, புழுத்தது என்று தள்ளிவைத்து வேறு கேட்க எத்தனை பேரால் முடிந்திருக்கும்?

இன்று நீங்கள் வத்தேகமச் சந்தையிலோ கண்டி மார்க்கட்டிலோ நின்று, தின்று பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டும் வரலாம். இது சின்ன விஷயமில்லை. முதல் தடவையாக வீட்டுக்குச் சாமான் வாங்கப் போகும் தம்பி தங்கச்சிமாரே, இந்த உரிமையை எப்படி மரியாதையோடு நடத்துவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. முதலில் விலையைக் கேளுங்கள்.
கையில் இருக்கும் காசுக்கு அந்தப் பழம் கட்டுமா என்று தெரிந்த பிறகுதான் வாயில் வைக்க வேண்டும். வாங்கும் எண்ணமே இல்லாமல் கடை கடையாகத் தின்றுகொண்டு போவது சுவை பார்ப்பது ஆகாது. அதற்குப் பெயர் வேறு.

2. கேட்காமல் கை வைக்காதீர்கள்.
“முதலாளி, ஒண்ணு தின்னு பாக்கவா?” என்று கேட்டால் போதும். முஸ்லிம் கடையில் “நானா” என்று கூப்பிடுங்கள். சிங்களக் கடைக்காரரிடம் “ரஸ பலன்ன புளுவன்த?” என்று கேளுங்கள். அவர்களாக எடுத்துக் கொடுத்தால் வலது கையால் வாங்குங்கள். முடியாது என்றால் முகத்தைத் தூக்காதீர்கள். காலையிலிருந்து எத்தனை பேர் தின்றுவிட்டுப் போனார்களோ, அது அவருக்குத்தான் தெரியும். நோன்பு மாதத்தில் பகலில் ஒரு நானாவிடம் கேட்கும்போது இன்னும் பணிவாகக் கேளுங்கள். பசியோடு நின்று நமக்குப் பழம் உரித்துத் தருகிறவர் அவர்.

3. ஒன்றுக்கு மேல் வேண்டாம்.
ஒரு ரம்புட்டானில் தெரியாத இனிப்பு ஐந்தாவதிலும் தெரியாது. நாலு பேராகப் போனாலும் ஒருவர் பார்த்தால் போதும். கடித்ததைத் திரும்பக் குவியலில் போடாதீர்கள். தோலையும் கொட்டையையும் கையிலேயே வைத்திருந்து குப்பைக் கூடையில் போடுங்கள். திராட்சைக்கு மருந்து அடிப்பார்கள். அதைக் கழுவாமல் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

4. எதைத் தின்று பார்க்கலாம், எதைக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.
ரம்புட்டான், ஜம்பு, வெரளு, பேரீச்சம்பழம், கச்சான் இவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கித் தின்று பார்க்கலாம். அன்னாசி, பலா, மாம்பழம் என்றால் வியாபாரி வெட்டி வைத்த துண்டில்தான் பார்க்க வேண்டும். உங்களுக்காக ஒரு முழுப் பழத்தை வெட்டச் சொன்னீர்களானால் அதை வாங்கிக்கொண்டுதான் நகர வேண்டும்.

அவகாடோவைக் கட்டைவிரலால் அமுக்காதீர்கள். அமுக்கிய இடம் உள்ளே கறுத்துப் போகும். நஷ்டம் கடைக்காரருக்கும் அதை வாங்கிப் போகும் இன்னொரு வீட்டுக்கும்தான். காதருகே மெல்ல ஆட்டிப் பாருங்கள், முற்றியதில் கொட்டை ஆடும். விளாம்பழத்தைக் கொஞ்ச உயரத்திலிருந்து தரையில் விட்டால் காய் துள்ளும், பழம் துள்ளாது. அந்தச் சோதனையை வியாபாரி கையாலேயே செய்யச் சொல்லுங்கள். டுரியானுக்கு மூக்கே போதும்.

கித்துள் கருப்பட்டியை நாக்கில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கத்தியால் கொஞ்சம் சீவித் தரச் சொல்லுங்கள். சீனி கலந்தது வெறும் இனிப்பாக நிற்கும். நல்லதில் கித்துள் மணம் தொண்டை வரைக்கும் போகும். ஏலக்காயை வாயில் போட வேண்டாம், ஒன்றை உடைத்து முகர்ந்தாலே தெரிந்துவிடும். அந்த ஒன்றை உடைக்கவும் கேட்க வேண்டும். கருவாட்டையும் நெத்தலியையும் கண்ணாலும் மூக்காலும் பாருங்கள். தயிர்ச் சட்டியில் ஒருநாளும் விரல் விடாதீர்கள்.

5. வாயைச் சுத்தமாக வைத்துக்கொண்டு பாருங்கள்.
தேயிலை சுவை பார்ப்பதற்கு 1980இல் சர்வதேசத் தர நிறுவனம் ஒரு முறையை வெளியிட்டது. 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊற விட வேண்டும். எல்லாத் தேயிலைக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். எதற்கும் அநியாயம் நடக்கக் கூடாது என்பதற்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. நமக்கும் அந்த நியாயம் வேண்டும். வெற்றிலை மென்ற வாயோடும், கருப்பட்டி தின்ற நாக்கோடும் தோடம்பழத்தைச் சுவைத்துவிட்டுப் புளிக்கிறது என்று சொன்னால் அது பழத்தின் குற்றமில்லை.

6. தின்ற குவியலிலிருந்துதான் எடை போடுகிறார்களா என்று கவனியுங்கள்.
மேலே அடுக்கிய நாலு பழம் தேனாக இருக்கும், அடியில் இருப்பது காயாக இருக்கும். நடுவிலிருந்து ஒன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். சுவை பிடித்த பிறகு, “இதுலயே போடுங்க முதலாளி” என்று தராசு ஏறும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். சந்தேகப்படுவதாக அவர் நினைப்பாரோ என்று கூச்சப்படாதீர்கள். ஒழுங்கான வியாபாரிக்கு இதில் கோபம் வராது.

7. சின்ன வியாபாரியிடம் தின்று பார்க்காதீர்கள்.
ரோட்டோரத்தில் சாக்கு விரித்து, லயத்துக்குப் பின்னால் காய்த்த பத்து அவகாடோவையோ ஒரு கூடை ஜம்புவையோ வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். பத்துப் பழத்தில் ஒன்றைத் தின்றால் அவருடைய வியாபாரத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. அவர் மனம் பொறுக்காமல் தானாகவே நீட்டினாலும், அந்த ஒன்றுக்கும் காசு கொடுத்துவிடுங்கள். பெரிய கடையில் பேரம் பேசுங்கள். இங்கே பேச வேண்டாம்.

8. சுப்பர்மார்க்கட்டில் வேறு சட்டம்.
அங்கே நிறுத்து, ஸ்டிக்கர் ஒட்டி, காசு கட்டும் வரைக்கும் எதுவும் உங்களுடையதில்லை. தட்டில் வெட்டி வைத்து எடுக்கச் சொன்னால் தவிர, ஒரு திராட்சைகூட வாயில் போடாதீர்கள். கேட்பதற்கு ஆள் இல்லை என்பதனால் கேட்காமல் எடுக்கலாம் என்று ஆகாது. சந்தேகம் இருந்தால் அங்கே வேலை செய்கிற பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எங்கே வாங்கினாலும் பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். போட்டிருக்கும் விலைக்கு மேல் எடுத்தாலோ காலாவதியான சாமானை விற்றாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். 2003இன் 9ஆம் இலக்கச் சட்டத்தில் உண்டான சபை அது. தொலைபேசி இலக்கம் 1977.

9. சாமிக்கு வாங்குவதில் சுவை பார்க்காதீர்கள்.
மாரியம்மன் திருவிழாவுக்கு வாங்கும் வாழைச் சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றால் மிச்சம் பூசைக்கு ஆகாது. வேறு சீப்பில் பாருங்கள், இல்லாவிட்டால் வியாபாரியை நம்பி வாங்குங்கள். பூவையும் முகராதீர்கள். விகாரைக்குப் பூ வாங்க வரும் சிங்களச் சனமும் முகர்ந்து பார்க்காமல்தான் தட்டில் எடுத்து வைப்பார்கள். பக்கத்தில் நின்று வாங்கும்போது அவர்களுடைய தட்டுக்கு மேலே குனியாமல் தள்ளி நில்லுங்கள்.

10. பிடிக்கவில்லை என்றால் மெதுவாகச் சொல்லுங்கள்.
தின்று பார்த்ததனால் வாங்கியே ஆக வேண்டும் என்று கடமை இல்லை. “இன்னைக்கு வேணாம் முதலாளி, பொறகு வாறேன்” என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் “புளி, சரியான புளி” என்று முகம் சுளித்தால் அவருடைய அன்றைய பிழைப்பு போய்விடும்.

11. கடனுக்கு வாங்கினாலும் பார்த்து வாங்குங்கள்.
கொப்பியில் எழுதி வாங்குகிறவர்கள் வாயைத் திறக்கப் பயப்படுவார்கள். கடைக்காரர் தள்ளிவிடும் அழுகலையும் தலையைக் குனிந்து வாங்கிப் போவார்கள். அப்படிப் போகாதீர்கள். சம்பள நாளில் நீங்கள் கொடுக்கப் போவது, அட்டைக் கடியிலும் மழையிலும் நின்று உழைத்த காசு. நல்ல பருப்பா, நல்ல அரிசியா என்று கையில் அள்ளிப் பார்க்கும் உரிமை ரொக்கம் கொடுப்பவருக்கு இருக்கிற அளவு உங்களுக்கும் இருக்கிறது. மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கட்டாயம் கேளுங்கள். சொன்ன தேதியில் கணக்கைத் தீருங்கள். அப்போது உங்கள் சொல்லுக்கு அந்தக் கடையில் மதிப்பு இருக்கும்.

12. நீங்கள் விற்கும் நாளிலும் இதையே செய்யுங்கள்.
வீட்டு மரத்தின் கொய்யாவையோ வேலியில் படர்ந்த மிளகையோ விற்கப் போகும்போது, வாங்குகிறவர் கேட்குமுன் நீங்களே ஒன்றை எடுத்து நீட்டுங்கள். நல்லதை மேலே அடுக்கி அழுகலை அடியில் ஒளிக்காதீர்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் கோபப்படாமல் வழி விடுங்கள். தின்று பார்க்கக் கொடுப்பவர் பொருளை மறைக்கவில்லை, தின்று பார்ப்பவர் கொடுத்தவரை ஏய்க்கவில்லை என்ற நம்பிக்கையில்தான் சந்தை நடக்கிறது. அந்த நம்பிக்கையை நீங்கள் காப்பாற்றி வைத்தால், உங்களுக்குப் பின்னால் வரும் காசில்லாத பிள்ளைக்கும் வியாபாரி ஒரு பழத்தை நம்பி நீட்டுவார்.