அங்கீகாரக் கோப்பில் பாடத்திட்டம்: அஸ்தினாபுரம் வட்டாரத் தனியார் பள்ளிகளுக்குச் சில குறிப்புகள்

அஸ்தினாபுரம், செம்பாக்கம், சிட்லபாக்கம் போன்ற தாம்பரம் மாநகராட்சிப் பகுதிகளில் நர்சரி பிரைமரிப் பள்ளி தொடங்க முனைவோர், நில ஆவணம், கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று ஆகியவற்றைத் திரட்டுவதிலேயே காலத்தையும் பணத்தையும் கரைத்துவிட்டு, கற்பிக்கப்போவது என்ன என்ற பகுதியை இரண்டே வரிகளில் நிரப்பிவிடுவது வழக்கம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ விபத்துக்குப் பிறகு கட்டடச் சான்றுகளில் கண்டிப்பு கூடியது நியாயமே. ஆயினும் கட்டடச் சான்று ஒருமுறை கைக்கு வந்தால் அதன் காலக்கெடு வரை நிற்கும். பாடத்திட்டமோ வகுப்பறையில் நாள்தோறும் நடப்பது என்பதால், ஆய்வு அலுவலர் எந்த நாளில் வந்தாலும் சரிபார்க்கப்படக்கூடியது.

இங்கு இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. கலைத்திட்டம் என்பது கல்வியின் நோக்கம், கற்பிக்கும் முறை, மதிப்பீடு ஆகிய அனைத்தையும் தழுவிய வரைவு. பாடத்திட்டம் என்பது அதன்கீழ் ஒவ்வொரு வகுப்புக்கும் வகுக்கப்படும் பாடப்பொருளின் வரிசை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு இவற்றை வகுக்கும் பொறுப்பைத் தன் 29ஆம் பிரிவில் ‘கல்விசார் அதிகார அமைப்பு’ ஒன்றிடம் ஒப்படைக்கிறது. தமிழ்நாட்டில் அவ்வமைப்பு மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமாகும். அச்சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்தினால் ரூ.1 லட்சம் வரை அபராதமும், தவறு தொடர்ந்தால் நாளொன்றுக்கு ரூ.10,000 வரையும் விதிக்கப்படலாம்.

ஆகவே பள்ளி நிர்வாகம் தன் சொந்தப் பாடத்திட்டத்தை அறிவித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் இடம் மிகக் குறைவு. 2010ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டம், மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்ற நான்கு பிரிவுகளுக்கும் பொதுப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ‘மெட்ரிக்’ என்ற சொல் பெயர்ப்பலகையில் நிலைத்திருக்கிறதே தவிர, பத்தாம் வகுப்பு வரை அது வேறொரு பாடத்திட்டத்தைக் குறிப்பதில்லை என்பதைச் சேர்க்கைக்கு வரும் பெற்றோரில் பலர் அறிவதில்லை. இதைவிடச் சிக்கலானது, மாநில அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்துவிட்டு வாசலில் ‘சிபிஎஸ்இ பேட்டர்ன்’ என்று எழுதிவைக்கும் பழக்கம். விண்ணப்பம் ஒன்று சொல்ல, பலகை வேறொன்று சொல்வது நிர்வாகம் தனக்கு எதிராகத் தானே எழுதிவைக்கும் சாட்சியம். விண்ணப்பம் போவதற்கு முன்பே பலகை, துண்டறிக்கை, புத்தகப் பட்டியல் மூன்றையும் ஒத்துப்பார்த்துவிடுவது மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை.

பாடத்திட்டம் கடைப்பிடிக்கப்படுவதற்கு நேரடியான சான்று கால அட்டவணைதான். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்களும் 800 கற்பித்தல் மணி நேரமும், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 220 நாள்களும் 1000 மணி நேரமும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. 40 நிமிடப் பாடவேளைகள் எட்டு என்று கொண்டால் நாளொன்றுக்கு 5 மணி 20 நிமிடம் கிடைக்கிறது. தொடக்க வகுப்புக்குத் தேவையான சராசரி 4 மணி நேரம் என்பதால் கணக்கு தாராளமாகவே தோன்றும். ஆனால் அபாகஸ், ஸ்போக்கன் இங்கிலீஷ், ரோபாட்டிக்ஸ் எனக் கட்டண வகுப்புகளைப் பாடவேளைகளுக்குள் நுழைத்துவிட்டால், குறைவது பெரும்பாலும் தமிழும் உடற்கல்வியுமாகவே இருக்கும். அத்தகைய வகுப்புகளை மாலை நேரத்துக்குத் தள்ளிவிடுவதே உசிதம். மேலும், ஏரிகள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாள்களை விழுங்கிவிடுகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூர் மூழ்கியதை நினைவில் வைத்திருப்போர், ஈடுசெய்யும் சனிக்கிழமைகளை ஜூன் மாதத்திலேயே நாள்காட்டியில் குறித்துவிடுவர்.

தமிழ்ப் பாடம் தனியே கவனிக்கத்தக்கது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் 2006-07இல் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது; அதே 2015-16 முதல் பிற வாரியப் பள்ளிகளிலும் முதல் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயமாயிற்று. வாரியத்தை மாற்றிக்கொண்டால் தமிழிலிருந்து விலகலாம் என்ற கணக்கு இதனால் பொய்த்துப்போகிறது. தாம்பரம் விமானப்படை நிலையத்தையும் ரயில்வேயையும் சார்ந்த வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் இடையில் வந்து சேரும் இப்பகுதியில், வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைக்கும் வகுப்பின் பிற பிள்ளைகளுக்கும் ஒரே வேகத்தில் எழுத்தறிவிக்க இயலாது. தகுதி பெற்ற தமிழாசிரியரை முதலிலேயே நியமித்து, அத்தகைய பிள்ளைகளுக்கென அவர் தனியே எழுதும் பாடக்குறிப்புகளையும் கோப்பில் சேர்ப்பது, சட்டத்தை நிறைவேற்றுவதோடு அப்பிள்ளைகளுக்கும் மெய்யாகவே பயன்படும்.

விண்ணப்பம் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) வழியே செல்கிறது. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் நூல்களை வாங்கிய ரசீது, ஆசிரியர்களின் கல்வித்தகுதிச் சான்றுகள், கையொப்பமிட்ட கால அட்டவணை, மதிப்பெண் பதிவேடு ஆகியவற்றை ஆண்டுவாரியாகத் தனி உறையில் வைத்திருக்கும் பள்ளிகள், அங்கீகாரத்தை நீட்டிக்கும் வேளையில் பழைய தாள்களைத் தேடி அலைவதில்லை.