தலை குனியலாம், தலையாட்டக் கூடாது

கேள்வி: ஐயா, நான் ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். கொழும்புக் கடையில் வேலை செய்யும் கணவர் இரண்டு பிள்ளைகளுக்கும் காசு அனுப்புவதில்லை என்பதால் தாபரிப்பு வழக்குப் போட்டேன். போன தவணையில் நீதவான் ஐயா சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. பயத்தில் தலையாட்டிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான், கணவர் கொடுப்பதாகச் சொன்ன சிறு தொகைக்கு நான் இணங்கிவிட்டேன் என்று ஒருவர் சொன்னார். "வாசல்லயே செருப்பைக் கழட்டிடு. கையைக் கட்டிக்கிட்டு நில்லு. எதைக் கேட்டாலும் ‘ஆமாங்க சாமி’ன்னு சொல்லு. எதிர்த்துப் பேசினா உள்ள தள்ளிடுவாங்க" என்று பெரியம்மா சொல்லித்தான் அனுப்பினார். அடுத்த தவணையில் நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்: பெரியம்மா சொன்னதில் பாதி தேவையில்லாதது, மீதி ஆபத்தானது. ஆனாலும் அவருடைய பயத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அது சும்மா வந்த பயமல்ல.

உங்களுக்குப் பக்கத்தில், பதுளையில் உள்ள புனித மாற்கு தேவாலயம் மேஜர் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டப்பட்டது. யானைகளைச் சுட்டுக் குவித்தவராகவே அவரைப் பலருக்குத் தெரியும். 1845இல் ஹப்புத்தளைப் பக்கத்தில் மின்னல் தாக்கி இறக்கும்வரை, பதுளையின் உதவி அரசாங்க அதிபரும் மாவட்ட நீதிபதியும் அவர் ஒருவரே. வரி கேட்ட வாய்தான் தீர்ப்பும் சொன்னது. பின்னால் தோட்டத்துரைமார் பலர் சமாதான நீதவான்களாகவும் உத்தியோகப்பற்றற்ற நீதவான்களாகவும் இருந்தார்கள். அதற்குமேல் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டத்தை விட்டு ஓடுவதும் வேலைக்கு மறுப்பதும் அதன்படி சிறைக்குரிய குற்றங்கள். 1920களின் தொடக்கத்தில்தான் அந்தத் தண்டனைகள் நீங்கின. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் துரை முன்னால் நின்றதுபோலவே கோர்ட்டிலும் நிற்க நம் முன்னோர் பழகியதற்குக் காரணம் இதுதான். அன்று அவர்கள் பெரும்பாலும் குற்றவாளிகளாகத்தான் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். இன்று நீங்கள் போவது மனுதாரராக. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் கொடுத்த உரிமையைக் கேட்கப் போகிறீர்கள்.

இனி மரியாதைக்கு வருவோம். நீதவான் உள்ளே வரும்போதும் எழுந்து போகும்போதும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். சட்டத்தரணிகள் தலை வணங்குவார்கள். நீதவானின் இருக்கைக்கு மேலே அரச இலச்சினை இருக்கும். வணக்கம் அந்தப் பதவிக்குத்தான், நாற்காலியில் இருக்கும் ஆளுக்கு அல்ல. நீங்களும் வணங்கினால் நல்லது, அதற்காகக் கும்பிட்டு விழத் தேவையில்லை. சுத்தமான உடை போதும். செருப்பைக் கழற்றச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. போனை அணைத்துவிடுங்கள், வெற்றிலையை வெளியிலேயே துப்பிவிடுங்கள், கால் மேல் கால் போட்டு உட்காராதீர்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேசாதீர்கள். சட்டத்தரணிகள் "கனம் நீதவான் அவர்களே" என்பார்கள். உங்களுக்கு "ஐயா" போதும், பெண் நீதவான் என்றால் "அம்மா". ‘சாமி’ வேண்டாம். உங்கள் பெயரைக் கூப்பிடும்போது அங்கே இருக்க வேண்டும் என்பதே இவை எல்லாவற்றையும்விட முக்கியம். மனுதாரர் வராவிட்டால் மனு தள்ளுபடியாகலாம். ஆகவே நேரத்தோடு பஸ் ஏறுங்கள்.

அடுத்தது நீங்கள் தலையாட்டிய விஷயம். தாபரிப்பு வழக்குகளில் பல, இரு தரப்பும் ஒரு தொகைக்கு இணங்கி முடிகின்றன. "மாதம் இவ்வளவு தருகிறேன் என்கிறார், சம்மதமா?" என்று நீதவான் கேட்பார். நீங்கள் தலையசைத்தால் ‘மனுதாரர் சம்மதிக்கிறார்’ என்று வழக்கேட்டில் பதிவாகும். நீங்கள் காட்டிய பணிவு அங்கே பதிவாகாது, சம்மதம் மட்டுமே பதிவாகும். சம்மதத்தின் பேரில் பிறந்த கட்டளையை மேன்முறையீட்டில் அசைப்பது கடினம். நிலைமை மாறினால் தொகையைக் கூட்டித் தரும்படி பின்னர் கேட்கலாம்தான். ஆனால் அதற்கு மறுபடி மனு, மறுபடி தவணை.

விளங்காததற்கு ‘ஆமா’ சொல்வதை நீதவானுக்குக் காட்டும் மரியாதை என்று நினைக்காதீர்கள். அவர் உங்களைக் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நீங்கள் உண்மையைச் சொல்லாமல் தலையாட்டினால் அவரைத் தவறான கட்டளைக்குத் தள்ளிவிடுகிறீர்கள்.

மொழிபெயர்ப்புக் கேட்பதைச் சலுகை கேட்பதாகவும் எண்ண வேண்டாம். வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். ஆனால் வழக்காளிக்கோ மனுதாரருக்கோ அந்த மொழி தெரியாவிட்டால், நடப்பதை விளங்கிக்கொண்டு பங்கெடுப்பதற்கு அரசு செலவில் மொழிபெயர்ப்பு தரவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை. மனுவைத் தமிழிலேயே கொடுக்கவும், வழக்கேட்டின் பகுதிகளைத் தமிழில் பெறவும் அதே உறுப்புரை வழி விடுகிறது.

விசாரணை விளங்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. லெனார்ட் வுல்ஃப் என்ற ஆங்கிலேயர் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் அதிகாரியாக இருந்தார். வழக்குகளையும் அவரே விசாரித்தார். 1913இல் வெளியான அவருடைய நாவல் சிங்களத்தில் ‘பெத்தேகம’ என்று பெயர் பெற்றது. அதில் கிராமத்து மனிதர்கள் ஆங்கிலத்தில் நடக்கும் விசாரணை விளங்காமலே கூண்டில் நிற்கிறார்கள், குற்றம் செய்யாதவன் சிறைக்குப் போகிறான். நீதிபதி இருக்கையில் உட்கார்ந்திருந்தவரே எழுதியது அது. எதிரே நிற்பவருக்கு விளங்கவில்லை என்றால் நல்ல நீதவானின் நீதியும் கெட்டுப்போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"உள்ளே தள்ளிவிடுவார்களா?" இந்தப் பயத்துக்குப் பின்னாலும் ஒரு பழைய சம்பவம் உண்டு. வேலையில் அடிபட்டதற்கு நட்டஈடு கேட்டுப் போராடிய அந்தனி மைக்கல் எமானுவேல் பெர்னாண்டோ, சட்டத்தரணி இல்லாமல் தானே உயர் நீதிமன்றத்தில் வாதாடினார். திரும்பத் திரும்ப மனுப் போட்டார், குரலை உயர்த்தினார் என்று 2003 பெப்ரவரியில் அவருக்கு ஓராண்டு கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. 2005இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அதை எதேச்சையான தடுத்துவைப்பு என்று கண்டது. 2024இல் நீதிமன்ற அவமதிப்புக்கெனத் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஆகவே குரலை உயர்த்தாதீர்கள், நீதவான் பேசும்போது குறுக்கிடாதீர்கள். ஆனால் ‘விளங்கவில்லை’ என்று அமைதியாகச் சொல்வது எந்தச் சட்டத்திலும் அவமதிப்பு ஆகாது.

இனிச் செய்யவேண்டியது: தவணைக்கு முன்பே நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், போன தவணையில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள், பிரதிக்கு விண்ணப்பியுங்கள். சட்டத்தரணி வைக்க வசதி இல்லாவிட்டால் பதுளையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்குப் போங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, மருந்துச் செலவு, உங்கள் சம்பளச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். பெயர் கூப்பிட்டதும் முன்னால் போய், எல்லோருக்கும் கேட்கும்படி இப்படிச் சொல்லுங்கள்: "ஐயா, எனக்குச் சிங்களம் சரியாக வராது, மொழிபெயர்ப்பாளர் வேண்டும். போன தவணையில் விளங்காமல் தலையாட்டிவிட்டேன். அந்தத் தொகைக்கு எனக்குச் சம்மதமில்லை."

வழக்குகள் குவிந்து கிடக்கும் நாளில் நீதவான் முகம் சுளிக்கலாம். மொழிபெயர்ப்பாளர் இல்லையென்று இன்னொரு தவணை போடலாம். உங்களுக்கு இன்னும் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும், அது சின்ன இழப்பல்ல. ஆனாலும் பிள்ளைகளுக்கு வரவேண்டிய காசு ஒவ்வொரு மாதமும் குறைவதைவிட ஒரு நாள் பேர் போவது மேல்.