சனிக்கிழமை சாயங்காலம் எங்கே போவது?

குமரி மாவட்டத்து அஞ்சுகிராமத்தில் ஒருவர் குடியை விட நினைத்தால், முதலில் அவரைத் தடுப்பது "யாராவது பாத்துட்டா?" என்ற கேள்விதான். மதுக்கடை வாசலில் அவர் நின்றதை ஊரே பார்த்திருக்கும். அதற்குக் கூசாதவர், குடிநோயாளிகள் கூடிப் பேசும் அறைக்குள் நுழையக் கூசுகிறார். அந்தப் பக்கத்துக் கட்டட வேலைக்காரர் ஒருவர் இந்தக் கூச்சத்தைத் தாண்டி வந்தவர். இப்போது தன்னைப் போன்றவர்களுக்கு வழி சொல்கிறார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., அமைப்பின் மரபுப்படி அவர் பெயர் இங்கே இல்லை.

"சொந்த ஊர்ல கூட்டம் தேடாண்டாம், ஒரு பஸ் தூரம் தள்ளிப் போங்க" என்பது அவருடைய முதல் யோசனை. மயிலாடி, சுசீந்திரம் தாண்டி நாகர்கோவில் போய்விட்டால் தெரிந்த முகம் குறைவு. கூச்சம் தெளிந்தபின் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

ஆனால் கூட்டத்துக்கு முன்னால் டாக்டர். இதில் அவர் விட்டுக்கொடுப்பதே இல்லை. நெடுநாள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் போய்விடும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், பிதற்றல் வரும். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. வீட்டில் அறையைப் பூட்டி வைத்துச் சமாளிக்கக் கூடாது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி. பக்கத்தில் எங்கே கூட்டம் நடக்கிறது என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

முதல் கூட்டத்தில் அவர் கடைசி வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில், கதவை ஒட்டி உட்கார்ந்தார். முகவரியோ ஜாதியோ யாரும் கேட்கவில்லை. கட்டணம் இல்லை, உறுப்பினர்கள் விரும்பிப் போடும் காசில்தான் வாடகையும் டீச் செலவும் நடக்கின்றன. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே சேர்வதற்கான தகுதி. ஒவ்வொருவராக எழுந்து, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தங்கள் கதையைச் சொன்னார்கள். மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்த கதையை ஒருவர் சொன்னபோது, இவருக்குத் தன் வீட்டைப் பற்றியே பேசுவது போல இருந்தது. கிளம்பும்போது ஒரு பெரியவர் பஸ் டிக்கெட்டின் பின்புறம் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். "மக்களே, இன்னைக்கு ஒரு நாளு குடிக்காம இரி. நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாப்போம். கை நடுங்கினா என்னய கூப்பிடு, கிளாஸ எடுக்காத."

ஏ.ஏ. பிறந்ததே அப்படி ஒரு போன் அழைப்பில்தான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வியாபாரம் கைகூடாத சோர்வில் ஓட்டல் முகப்பில் நின்றிருந்தார் பில் வில்சன். ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் தப்பிக்கலாம் என்று தோன்றி, சர்ச்சுகளுக்குப் போன் போட்டு ஆள் தேடினார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் தொடக்க நாளாகக் கொள்கிறது. பேச்சால் குடி நிற்குமா என்று சந்தேகிப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2020-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பத்தாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசியது. குடியை அறவே விட்டுத் தொடர்வதில், ஏ.ஏ. வழிக்கு ஆளை முறையாகக் கொண்டு சேர்க்கும் சிகிச்சை மற்ற நிலைபெற்ற சிகிச்சைகளைவிட மேலானது என்று அது முடிவு சொன்னது.

எந்தக் கிழமை போவது? கூலி கையில் விழும் சனிக்கிழமை சாயங்காலம்தான் கட்டட வேலைக்காரருக்குக் கண்டம். அதனால் இவர் அந்த நேரத்துக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். கூலியை முதலில் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார். கடை இருக்கும் நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தார். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கும் சேர்ந்து வரும் நாளில் முதலில் சாப்பிட்டுவிடு என்பது கூட்டத்தில் அவர் கற்றது. இடையில் ஒருமுறை சறுக்கினார். மறுநாளே திரும்பப் போனார், யாரும் திட்டவில்லை.

குடும்பத்துக்கும் துணை வேண்டும். குடியால் கணவரை 1979-ல் இழந்த சாந்தி ரங்கநாதன், மறுவருடமே சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கே நோயாளியோடு குடும்பத்துக்கும் சிகிச்சையில் இடம் உண்டு. இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் 1989 முதல் முகாம் போட்டு, சிகிச்சையைக் கிராமத்துக்கே கொண்டுபோனார்கள். ஏ.ஏ.வுக்குத் துணையாகக் குடும்பத்தினருக்கென 1951-ல் தோன்றிய அல்-அனான் கூட்டங்களும் இருக்கின்றன. கணவர் வர மறுத்தாலும் மனைவி தனியாகப் போகலாம்.

இதே குமரி மாவட்டத்து உண்ணாமலைக்கடையில்தான் 2015 ஜூலை 31 அன்று, மதுக்கடையை மூடக் கேட்டு செல்போன் கோபுரம் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரை விட்டார். அந்தப் போராட்டம் நியாயமானது, தொடர வேண்டியது. ஆனால் கடை மூடும்வரை ஒரு குடிநோயாளியின் கல்லீரல் காத்திருக்காது.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணை அழையுங்கள், கட்டணம் கிடையாது. வீட்டில் ஒருவர் குடிக்கிறார் என்றால், அவருக்காக நீங்களே அழைக்கலாம்.