குழியிலிருந்து தொடங்கு

கோல்ஃப் கற்றுக்கொள்ள ஏலகிரிப் பிள்ளைகள் சிலர் என்னிடம் வருகிறார்கள். பெங்களூருவுக்குக் கேடி வேலைக்கு, அதாவது ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடக்கும் வேலைக்குப் போன அண்ணன்களின் தம்பிகள் பாதிப் பேர். கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்கை டி.வி.யில் பார்த்துவிட்டு வந்த பெண் பிள்ளைகள் மீதிப் பேர். இந்த மலையில் பலா உண்டு, புங்கனூர் ஏரி உண்டு. 18 குழி மைதானம் வேண்டுமென்றால் 14 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, ஜோலார்பேட்டையில் ரயில் ஏற வேண்டும். மேற்கே போனால் பெங்களூரு, கிழக்கே போனால் சென்னை. பை தூக்கிப் பிழைத்து, பிறகு கற்றுக்கொடுத்துப் பிழைத்தவன் நான். எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "பெரிய ஆட்டக்காரங்க எல்லாம் எப்படி ஆனாங்க தாத்தா?" என்பதுதான். பதிலை வரிசையாகச் சொல்கிறேன்.

1. யார் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்று தெரிந்துகொள்

கல்கத்தாவில் 1829-இல் கோல்ஃப் கிளப் தொடங்கினார்கள். பெங்களூரு கோல்ஃப் கிளப் 1876-ஐச் சேர்ந்தது. சென்னை ஜிம்கானா கிளப் 1884-ஐச் சேர்ந்தது. எல்லாம் வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்காகக் கட்டிக்கொண்டவை. நம் ஆட்கள் உள்ளே போனது புல் வெட்டவும் பை தூக்கவும்தான்.

ஆனால் இன்று ஊர் அறிந்த பெயர்களைப் பார். இந்தியன் ஓப்பன் போட்டி 1964-இல் தொடங்கியது. முதல் கோப்பை ஆஸ்திரேலியர் பீட்டர் தாம்சனுக்குப் போனது. அடுத்த வருடமே நம்மவர் பி.ஜி. சேத்தி வென்றார். அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்ல. இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் கையில் அந்தக் கோப்பை ஏற 1991 வரை ஆயிற்று. ஏற்றியவர் அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 1993-இல் மறுபடியும் வென்றார். 2009-இல் வென்ற சி. முனியப்பாவும் பெங்களூருவில் கேடியாகத் தொடங்கியவர்தான். எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா, ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவர். மகன் 2016-லும் 2017-லும் அதே கோப்பையை அடுத்தடுத்துத் தூக்கினார்.

பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஜெயிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பின்வாசல் வழியாக வந்தவர்களும் ஜெயித்திருக்கிறார்கள். அவர்கள் கையில் இருந்தது என்ன என்பதுதான் உனக்கு வேண்டிய பாடம்.

2. குழியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொள்

என் அறிவுரைகளில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வைத்துக்கொள்.

புதிதாக வருபவன் முதலில் கேட்பது டிரைவர் மட்டையை. பந்தை 250 கஜம் பறக்கவிட ஆசை. கணக்குப் பார். பெரும்பாலான பெரிய மைதானங்களில் 18 குழிக்கு 72 அடி என்பது நிர்ணயம். அதில் ஒவ்வொரு குழிக்கும் கிரீன் மேல், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை மேல், உருட்ட இரண்டு அடி ஒதுக்கியிருக்கிறார்கள். 36 அடி, சரிபாதி! 250 கஜம் அடித்தாலும் ஓர் அடிதான், ஒரு சாண் உருட்டினாலும் ஓர் அடிதான்.

கேடிப் பையன்களுக்கு நீள மட்டையும் புதுப் பந்தும் கிடைக்காது. யாரோ கழித்துப்போட்ட ஒற்றை மட்டையை வைத்துக்கொண்டு கிரீனைச் சுற்றித்தான் பழகுவார்கள். அந்த வறுமையே அவர்களுக்குச் சரியான பாடத்திட்டமாக அமைந்தது. சௌராசியா உயரமானவர் அல்ல, தூரமாக அடிப்பவரும் அல்ல. கிரீனுக்குப் பக்கத்தில் அவர் கை செய்யும் வேலைக்குத்தான் எதிராளிகள் பயந்தார்கள்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் செய்ததும் இதுவே. அப்போது உலகத் தரவரிசையில் அவர் 200-ஆவது இடம். 60 பேர் ஆடிய போட்டியில், தூரத்தில் கடைசி வரிசையில் இருந்தார். ஆனாலும் உலகின் முதல் இடத்துக்காரர் நெல்லி கோர்டாவோடு கடைசி நாள் வரை போராடினார். கைகொடுத்தது, பந்தை உருட்டும் பட்டர் மட்டை.

உனக்குச் செலவே இல்லாத பயிற்சி சொல்கிறேன். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். வீட்டுத் தம்ளரின் வாய் அதைவிடச் சின்னது. தரையில் தம்ளரைச் சாய்த்துப் படுக்கவைத்து, மூன்றடி தூரத்திலிருந்து பந்தை அதற்குள் உருட்டு. தவறாமல் விழும்வரை நான்கடிக்குப் போகாதே.

3. பிடியைப் பற்றி ஊரார் பேச்சைப் பாதிதான் கேள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பாப்வா சேவ்கோலம் என்று ஓர் இந்திய வம்சாவளிக்காரர் இருந்தார். அவரும் கேடிதான். யாரும் கற்றுக்கொடுக்காததால் இரண்டு கைகளையும் இடம் மாற்றி வைத்து மட்டையைப் பிடித்தார். அந்தத் தலைகீழ்ப் பிடியோடு 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓப்பனை வென்றார். 1963-இல் சொந்த ஊரில் நேட்டால் ஓப்பனையும் வென்றார். வெள்ளையரல்லாதவர் கிளப் கட்டடத்துக்குள் வரக்கூடாது என்ற நிறவெறி நாள் அது. கோப்பையை வெளியே மழையில் நின்று வாங்கிக்கொண்டார். 1965-இல் அதே போட்டியில் பெரிய ஆட்டக்காரர் கேரி பிளேயரையே தோற்கடித்தார்.

நீயும் தலைகீழாகப் பிடி என்று சொல்ல வரவில்லை. சரியான பிடியைக் கற்றுக்கொள். ஆனால் பந்து நேராகப் போகிறவரைக்கும் கையழகைப் பற்றிக் கவலைப்படாதே.

4. பந்தின் விலை தெரிந்து அடி

தோல் பதனிடும் ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். ஒரு காலத்தில் கோல்ஃப் பந்தே தோல்தான். ஈரத்தோலைப் பை போலத் தைத்து, அவித்த வாத்து இறகை உள்ளே திணிப்பார்கள். காயும்போது தோல் இறுகும், இறகு விரியும், பந்து கல்லாகும். ஒரு தொழிலாளி ஒரு நாளைக்கு நாலைந்து பந்து செய்வதே பெரிது. மழையில் நனைந்தால் தையல் விட்டுவிடும். அதனால் ஆட்டம் வசதியானவர்களிடமே நின்றது. 1848 வாக்கில் மலேயாப் பக்கத்து மரப்பாலில் செய்த மலிவான பந்து வந்த பிறகுதான் சாதாரண ஆள் ஆட முடிந்தது.

ஆகவே புதுப் பந்து வாங்கித் தரச் சொல்லி அப்பாவை நச்சரிக்காதே. பழைய பந்து போதும். போட்டியில் தொலைந்த பந்தைத் தேட இப்போது மூன்று நிமிடம்தான். 2019-க்கு முன் ஐந்து நிமிடம் இருந்தது. அதனால் அடித்த கையோடு தலையைத் திருப்பாமல், பந்து எந்த மரத்தடியில் விழுகிறது என்று பார்த்துவை.

5. கையுறையைப் பதமாக வை

வலக்கைக்காரருக்கு இடக்கையில் மட்டும் ஓர் உறை. நல்ல உறை மெல்லிய செம்மறித் தோலில் வரும். வேர்த்ததை வெயிலில் காயப்போட்டால் விறைத்துப்போகும் என்று தோல் பதனிடும் வீட்டில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிழலில் விரித்துப் போடு. கிரீனுக்கு வந்ததும் பெரும்பாலோர் கழற்றிவிடுவார்கள். உருட்டும்போது வெறும் விரலுக்குத்தான் மட்டையின் எடை தெரியும்.

6. பை தூக்குவதைக் குறைவாக நினைக்காதே

அதில் ஆட்டத்தின் பாதிக் கல்வி இருக்கிறது. கிரீன் எந்தப் பக்கம் சாய்கிறது, புல் எந்தத் திசையில் படுத்திருக்கிறது, காலையில் பனி ஈரத்தில் பந்து எவ்வளவு மெதுவாக ஓடும் என்பதெல்லாம் அடிக்கிறவருக்கு முன்னால் பை தூக்குகிறவருக்குத் தெரிய வேண்டும். அதிதிக்கு ரியோ ஒலிம்பிக்கில் பை தூக்கியவர் அப்பா, டோக்கியோவில் அம்மா. பெங்களூருவின் கர்நாடக கோல்ஃப் சங்கத்தில் 5 வயதில் மட்டை பிடித்த பிள்ளை அவர். அதற்குமுன் வீட்டில் யாரும் ஆடியதில்லை.

வேலைக்குச் சேரும்போதே கேடிகள் ஆட எந்த நாளில் அனுமதி என்று கேட்டுவிடு. மைதானத்துக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு விட்டு, அன்று கேடிகளை ஆடவிடுவது பல கிளப்புகளில் வழக்கம். அந்த நாளைத் தூங்கிக் கழிக்காதே.

7. ஊருக்கு ஊர் காற்று வேறு

உயரமான இடத்தில் காற்று அடர்த்தி குறைவு, பந்து கூடுதலாகப் பறக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அடித்த தூரத்தைச் சென்னையில் எதிர்பார்க்காதே. பெங்களூரு இடையில். கொடைக்கானலில் காட்டெருமை மைதானத்திலேயே மேயும். அது நகரும்வரை காத்திரு, நியாயம் பேசாதே. சென்னையில் கடற்காற்று எழும் நேரம் பார்த்து மட்டையை மாற்று.

8. உன் கணக்கை நீயே எழுது, உண்மையாக எழுது

புதருக்குள் உன் மட்டை பட்டுப் பந்து அசைந்தால் பார்க்க நடுவர் இருக்கமாட்டார். தண்டனை அடியை நீயே சேர்த்துக்கொள்ள வேண்டும். மணல் குழியில் உன் கால்தடத்தை வாரிவிட்டு வெளியே வா. கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தை நிரவிவிடு. பந்து ஆள் இருக்கும் பக்கம் போனால் "ஃபோர்!" என்று தொண்டை கிழியக் கத்து. அங்கே வெட்கம் பார்க்காதே.

9. ஓர் அடியில் தோற்கவும் பழகு

டோக்கியோவில் அதிதி நிர்ணயத்தைவிட 15 அடி குறைவாக முடித்து நான்காம் இடம் பெற்றார். 16 குறைவாக முடித்த இருவர் வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் தனியாக ஆடித் தீர்த்துக்கொண்டார்கள். நான்கு நாள் ஆட்டத்தில் ஓர் அடிதான் வித்தியாசம். அவர் அதோடு ஓயவில்லை. 2023-இல் கென்யா மகளிர் ஓப்பனை வென்றார். முனியப்பாவின் 2009 வெற்றியும் சமநிலையில் முடிந்து, கூடுதல் குழியில்தான் தீர்ந்தது. அந்த ஓர் அடி எங்கே கிடைக்கும் என்று இரண்டாம் அறிவுரையிலேயே சொல்லிவிட்டேன்.

10. வயிற்றுக்கு வேறு வழியும் வை

பெரிய போட்டிகளில் இரண்டு நாள் முடிந்ததும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்குப் பரிசுப் பணம் இல்லை, போக்குவரத்தும் தங்கலும் சொந்தச் செலவு. பெயர் தெரிந்த ஒரு முனியப்பாவுக்குப் பின்னால் பெயர் தெரியாத எத்தனையோ பேர் இன்னும் பை தூக்குகிறார்கள். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பை முடி. புல்தரைப் பராமரிப்பு ஒரு படிப்பு, பயிற்சியாளர் வேலை ஒரு தொழில். தோல் தொழில் நம் பக்கத்துச் சொத்து. அடையாற்றில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கைத்தொழில் ஒன்று உள்ளவன், மூன்றடிப் பந்துக்கு முன் நிற்கும்போது கை நடுங்காமல் நிற்பான்.

ஞாயிற்றுக்கிழமை வா. டிரைவரை வீட்டில் வைத்துவிட்டு வா.