மக்கர் பண்ணும் லேப்டாப்புக்குக் கைவைத்தியம்

நேற்றுவரை சமர்த்தாக ஓடிய லேப்டாப் இன்று தானாக அணைகிறதா, பாதி வேலையில் அப்படியே உறைந்து நிற்கிறதா, நீலத் திரையோ கறுப்புப் பிழைத் திரையோ காட்டுகிறதா? கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் ‘ஃபார்மட் பண்ணிடலாம்’ என்பார்கள். அதற்கு முன்னால் வீட்டிலேயே பார்த்துவிடக்கூடியவை நிறைய இருக்கின்றன. விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கான குறிப்புகள் இவை.

1. ஓடுகிற நேரம் பார்த்து போட்டோக்கள், பிள்ளைகளின் பிராஜெக்ட், வரிக் கணக்கு எல்லாவற்றையும் பென் டிரைவுக்கு மாற்றிவிடுங்கள், ரிப்பேர் அப்புறம்தான். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ சத்தம் கேட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். போன ஃபைல்களை மீட்டுத் தரக் கேட்கும் காசில் புது டிஸ்க்கே வாங்கிவிடலாம்.

2. ‘ஷட் டவுன்’ கொடுத்து ஆன் செய்வதைவிட ‘ரீஸ்டார்ட்’ கொடுப்பது நல்லது. விண்டோஸில் உள்ள ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி, ஷட் டவுன் செய்தாலும் பழைய நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துத் திரும்ப எழுப்பும். ரீஸ்டார்ட்தான் முழுக்கப் புதிதாகத் தொடங்கும்.

3. லேப்டாப்பை அணைத்து சார்ஜர், மவுஸ், பென் டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஓட்டுங்கள். ஒழுங்காக ஓடினால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் செருகினாலே எது வில்லன் என்று தெரிந்துவிடும்.

4. வீடியோ காலிலோ கேமிலோ சிறிது நேரம் கழித்துத்தான் அணைகிறது என்றால், சூட்டின் மேல்தான் முதல் சந்தேகம். மெத்தையிலும் தலையணையிலும் வைத்தால் அடியில் உள்ள காற்றுத் துளை அடைபடும். கூலிங் பேடுக்குச் செலவு செய்யுமுன், பின்பக்க மூலைகளில் இரண்டு பாட்டில் மூடியை முட்டுக் கொடுத்துப் பாருங்கள். அணைத்துவிட்டு, துளை ஓரத்தில் அப்பிய பஞ்சுத் தூசியை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஊதவேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

5. இதைப் பலர் கவனிப்பதே இல்லை: ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று தேடினால் தேதிவாரியாக ஒரு வரைபடம் வரும். கோளாறு நடந்த நாளெல்லாம் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருக்கும். முதல் சிவப்புக் குறிக்கு முன்தினம் எந்த மென்பொருள் ஏறியது, எந்த அப்டேட் வந்தது என்று கீழேயே பட்டியல் இருக்கும். அதை நீக்கிப் பாருங்கள். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிசகான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்தன. நல்ல மெஷினும் அப்டேட்டால் சாயும்!

6. எதை நீக்குவது என்று பிடிபடவில்லையா? ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ ஏற்கெனவே ஆனில் இருந்தால், நன்றாக இருந்த தேதிக்கே திரும்பலாம். உங்கள் போட்டோ, கடிதங்களை அது தொடாது.

7. ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்று தேடி ஓடவிட்டுச் சமையலைப் பாருங்கள். ரேம் பழுதானால் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ரேம் கழற்றக்கூடிய மாடலாக இருந்து, வாரன்டியும் முடிந்திருந்தால், சார்ஜரையும் பேட்டரியையும் துண்டித்துவிட்டு ரேமின் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து அழுத்தி மாட்டுங்கள். கடையில் காசு வாங்கிக்கொண்டு முதலில் செய்வதும் பல நேரம் இதேதான். மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைத்தே வரும். அவற்றில் இந்த வேலை ஆகாது.

8. சி டிரைவ் பிதுங்கி வழிந்தாலும் தடுமாறும். ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள், போதும்.

9. இரண்டு ஆன்டிவைரஸ் வேண்டாம், ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். விண்டோஸோடு இலவசமாக வருவதே சாதாரண வீட்டு உபயோகத்துக்குத் தாராளம்.

10. டச்பேட் மேலெழும்பியிருக்கிறதா, மூடினால் ஓரம் சரியாகப் படியவில்லையா? பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜரைப் பிடுங்கி உடனே அணைத்துவிடுங்கள். அழுத்துவது, குத்துவது எதுவும் கூடாது. பேட்டரியை மாற்றுவதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

11. 8 ஜிபி பென் டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே லேப்டாப்பை ஒரு மாலைப்பொழுது ஓட்டுங்கள். அதிலும் மக்கர் பண்ணினால் கோளாறு அநேகமாக உதிரிபாகத்தில். அங்கே ஃபார்மட் செய்வது வீண் செலவு. அதில் சமர்த்தாக ஓடினால் வினை விண்டோஸிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ இருக்கலாம், டிஸ்க் நன்றாக இருந்தால் ஃபார்மட்டுக்குத் தாராளமாகச் சம்மதிக்கலாம்.

12. கடைக்குப் போயே ஆகவேண்டும் என்றால், அந்த நீல அல்லது கறுப்புத் திரையில் ‘ஸ்டாப் கோட்’ என்று வரும் வரியை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்; தேடுகிற நேரம் மிச்சம். எந்தப் பாகத்தை மாற்றினாலும் கழற்றிய பழையதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.