கழிதலும் கழித்தலும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

முன்னுரை

மார்கழித் திங்களின் இறுதி நாள் போகி. வைகறையில் எழுந்து வாசலுக்கு வந்தால், தெருவெங்கும் புகை சூழ்ந்திருக்கும். கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் எரிந்த இடத்தில் இன்று பிளாஸ்டிக் பைகளும் டயர்களும் எரிகின்றன. ஏன் எரிக்கிறீர்கள் என்று கேட்டால், நன்னூலின் கடைசிப் பகுதியில் பவணந்தி முனிவர் சொல்லிய ஒரு விதியைப் பலரும் மேற்கோள் காட்டுவர். பழைய சொற்கள் வழக்கொழிவதும் புதிய சொற்கள் வந்து சேர்வதும் குற்றமாகா என்று மொழிக்குச் சொல்லப்பட்ட விதி அது. அவ்விதியில் வரும் சொல் 'கழிதல்' என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கழிதல் தன்வினை, காலத்தால் தானே உதிர்வது. நாம் வீட்டில் செய்வதோ 'கழித்தல்', அது பிறவினை. பிறவினையில் செய்பவனுக்குப் பொறுப்பு உண்டு. எதைக் கழிப்பது, எதைக் காப்பது என்னும் அப்பொறுப்பைப் பற்றிச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சொந்த அனுபவம்

எங்கள் வீட்டில் இரண்டு அறைகள், ஆறு பேர். சமையலறைக்கு மேலே ஒரு பரண். இரண்டு ஆண்டுகளுக்கு முன் போகிக்கு முதல்நாள், தேர்வுக்குப் படிக்க இடமில்லையே என்ற எரிச்சலில், நான் வீட்டை ஒழுங்கு செய்யப் புறப்பட்டேன். பரண்மேல் ஏற எனக்குச் சோம்பல். கைக்கு எட்டிய இடத்தில், கட்டிலுக்கடியில், தாத்தாவின் பழைய தாள்கள் அடங்கிய சாக்கு ஒன்று இருந்தது. செல்லரித்த நோட்டுகளும் மஞ்சள் படிந்த ரசீதுகளுமாக மேலே தெரிந்ததைக் கண்டு, அதைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். வந்த பணத்தைப் பெருமையோடு அம்மாவிடம் கொடுத்தேன்.

எட்டு மாதங்களுக்குப் பின், நாங்கள் குடியிருக்கும் மனையின் பட்டாவை அப்பா பெயருக்கு மாற்ற வேண்டிய தேவை எழுந்தது. தாத்தா வாங்கிய கிரயப் பத்திரம் அந்தச் சாக்கின் அடியில் ஒரு துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்ததாம். பத்திர எண் எவருக்கும் தெரியாது. ஆண்டும் சரியாகத் தெரியாது. பழைய பதிவுகளில் பெயரைக் கொண்டு தேடி நகல் பெறுவதற்குள் அப்பா பதினொரு நாள் கூலியை இழந்தார். அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு ஒருநாள் பரண்மேல் ஏறிப் பார்த்தேன். கம்பி ஒடிந்த மூன்று குடைகள், எப்போதோ பழுதாகிப்போன மிக்ஸியின் அட்டைப்பெட்டி, ஒட்டுப்போட்டும் காற்று நிற்காத சைக்கிள் டியூப், மூடியில்லாத பிளாஸ்டிக் டப்பாக்கள் ஆகியவை பத்திரமாக இருந்தன. வேண்டாதது வீட்டில் இருந்தது, வேண்டியது போய்விட்டது. பொருள்களைக் குறைப்பது மட்டுமே ஒழுங்கு ஆகாது என்று அன்று அறிந்தேன்.

வீடு ஏன் நிறைகிறது?

பழைய பொருளை விடமாட்டார்கள் என்று பெரியவர்களைக் குறை சொல்வது எளிது. பஞ்சத்தையும் பற்றாக்குறையையும் கண்ட தலைமுறைக்குச் சேர்த்து வைத்தல் அறிவுடைமை. அதைவிட முக்கியமான உண்மை ஒன்று உண்டு. அக்காலத்து வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ளே வர ஒரு வழி இருந்ததுபோல, வெளியே போகவும் ஒரு வழி இருந்தது. புடவை பழையதானால் தூளியாகும். பிறகு தலையணை உறையாகும். இறுதியில் அடுப்பங்கரையில் கரித்துணியாகும். தேங்காய் மூடி அகப்பையாகும். அகப்பை உடைந்தால் விறகாகும். சாப்பிட்ட இலை மாட்டுக்குப் போகும். பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் தருபவர் தெருவில் வருவார்.

இன்று நாம் வாங்கும் பொருள்களில் பலவற்றிற்கு வெளியே போகும் வழி இல்லை. தீர்ந்த பேட்டரி, அறுந்த சார்ஜர் கம்பி, பழைய கைப்பேசி, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஆகியவற்றை மாடு தின்னாது, மண்ணும் ஏற்காது, எரித்தால் நச்சுப்புகை. தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 சனவரி முதல் தடை விதிக்கப்பட்டதன் பின்னணியும் இதுவே. ஆதலின் வீடு நிறைவதற்குக் காரணம் பெரியவர்களின் பற்று மட்டுமன்று. வாசலில் ஒருவழிப் பாதை அமைந்துவிட்டதும் ஆகும்.

சீர்காழி தந்த ஐந்து விதிகள்

வீட்டை எவ்வாறு ஒழுங்கு செய்வது? இதற்குரிய விடை நம் கல்லூரி நூலகத்திலேயே இருக்கிறது. 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் அரசினர் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலக இயலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன. அவ்விதிகளில் 'நூல்' என்னும் இடத்தில் 'பொருள்' என்று வைத்துப் பார்த்தால், அவை வீட்டுக்கும் விதிகளாகின்றன.

முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பது. முற்கால ஐரோப்பிய நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்ததுண்டு. நம் வீடுகளிலும் சங்கிலியிட்ட பொருள்கள் உள. விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று கட்டி வைத்த கண்ணாடித் தம்ளர்கள், விருந்தாளி வந்தாலும் உடையும் என்ற அச்சத்தால் வெளியே வருவதில்லை.

இரண்டாம் விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் உரிய இடம் இருக்கிறதா? பாட்டியின் மூக்குக்கண்ணாடி அவர் கைக்கு எட்டும் இடத்தில் உள்ளதா? எங்கள் வீட்டில் இதை எண்ணிப் பார்த்தபோது ஓர் உண்மை தெரிந்தது. அப்பாவுக்கு ஆணியும் கொடியும் உண்டு. எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு தட்டு உண்டு. நாள்தோறும் வீட்டை அடுக்கி வைக்கும் அம்மாவுக்கு மட்டும் தனக்கென்று ஒரு சாண் இடம் இல்லை.

மூன்றாம் விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. நமக்குப் பயன்படாத பொருளுக்கு வேறெங்கோ ஒரு பயனாளி காத்திருக்கிறார். சென்ற ஆண்டுப் பாடநூலை அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர், அதை வாங்க இயலாத இளைய மாணவருக்கு உரியதைத் தம்மிடம் நிறுத்தி வைத்திருக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

நான்காம் விதி, வாசகரின் நேரத்தைச் சேமித்தல். இதை நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டியில் என்றோ செய்து காட்டிவிட்டனர். கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், மிளகு, வெந்தயம் ஆகியவை ஒரே மூடியின்கீழ், தனித்தனிக் குழியில், அடுப்பின் அருகில் இருக்கும். எண்ணெய் காய்ந்தபின் கடுகைத் தேட முடியாதல்லவா? பொருளை அது பயன்படும் இடத்திலேயே வைத்தல், ஒன்றோடொன்று சேர்ந்து பயன்படுபவற்றைச் சேர்த்து வைத்தல், திறந்தவுடன் எல்லாம் கண்ணில் படுமாறு வைத்தல் ஆகிய மூன்றும் அப்பெட்டியில் உள்ளன.

ஐந்தாம் விதி, நூலகம் வளரும் ஓர் உயிரி என்பது. வீடும் அப்படியே. குழந்தை பிறக்கிறது, மாணவர் கல்லூரிக்குச் செல்கிறார், முதியவர் படுக்கையில் விழுகிறார். ஒவ்வொரு மாற்றத்திலும் பொருள்களின் இடம் மாறும். ஆதலால் ஒரே நாளில் முடித்துவிடும் ஒழுங்கு என்று ஒன்றில்லை. எந்தத் தட்டையும் முழுதும் நிரப்பாமல் சிறிது இடம் விட்டு வைப்பது இவ்விதியின் பாடம்.

எவற்றைக் கழிக்கலாகாது?

கழித்தலுக்கு எல்லை எது? இதற்கும் ஒரு கல்லூரி ஆசிரியரின் வரலாறே விடை தருகிறது. 1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் இருப்பதாகக் கேள்வியுற்றுச் சென்றபோது, பழுதுபட்ட ஏடுகளைச் சாத்திரப்படி நெய்யில் தோய்த்துத் தீயில் இட்டுவிட்டதாக அங்கே சொன்னதை மிகுந்த வருத்தத்துடன் அவர் எழுதியிருக்கிறார். ஆடிப்பெருக்கன்று பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கமும் அந்நாளில் இருந்தது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டுவது ஒன்று. ஏடுகளை எரித்தவர் தமிழுக்குப் பகைவர் அல்லர். இடத்தைத் தூய்மை செய்யும் நல்லெண்ணத்தோடும் பக்தியோடும் செய்தவர்களே. நான் அந்தச் சாக்கைத் தூக்கிப் போட்டதும் நல்லெண்ணத்தோடுதான். படித்துப் பாராமல் கழித்ததே இரண்டிலும் உள்ள பிழை. எரியாமலும் ஆற்றோடு போகாமலும் தப்பிய ஏடுகளிலிருந்தே 1887இல் சீவக சிந்தாமணியும் 1892இல் சிலப்பதிகாரமும் 1894இல் புறநானூறும் ஐயரின் பதிப்பாக நமக்குக் கிடைத்தன.

பிறர் கழித்ததைக் காத்தவர் ஒருவரும் உண்டு. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். பழைய நூல்களோடு, மற்றவர் குப்பை என்று தள்ளும் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் நாடக விளம்பரங்களையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின், 1994இல் அத்தொகுப்பைக் கொண்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஒன்று உருவாயிற்று. குவித்தல் வேறு, சேகரித்தல் வேறு. குவிப்பவர் தம்மிடம் என்ன இருக்கிறது என்று அறியார், சேகரிப்பவர் அறிவார்.

ஆகவே எளிய உரைகல் ஒன்றைக் கூறலாம். கடையில் மீண்டும் வாங்கக்கூடியதைத் துணிந்து கழிக்கலாம். மீண்டும் கிடைக்காத பத்திரம், சான்றிதழ், கடிதம், நிழற்படம், கையெழுத்து நோட்டு ஆகியவற்றைப் படித்துப் பார்க்காமல் வாசற்படி தாண்ட விடலாகாது.

செயல்முறை

சென்ற போகிக்கு நாங்கள் பின்பற்றிய முறையைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. அறை அறையாகச் செல்லாமல், இனம் இனமாக எடுத்தோம். முதலில் துணி, பிறகு பாத்திரம், பிறகு பரண். தாள்களைக் கடைசியில் வைத்துக்கொண்டோம். துணியில் தவறினால் இழப்புச் சிறிது. தாளில் தவறினால் பெரிது.

2. ஒவ்வோர் இனத்தையும் நான்காகப் பிரித்தோம்: வைத்துக்கொள்வது, பழுதுபார்ப்பது, பிறருக்குக் கொடுப்பது, கழிப்பது. பழுதுபார்க்க வைத்ததற்குப் பொங்கல் கழிந்து ஒரு மாதம் தவணை. அதற்குள் பார்க்காவிட்டால் அது கழிப்பதில் சேரும்.

3. ஒருவர் பொருளை மற்றவர் கழிக்கக்கூடாது. பாட்டியின் பெட்டியைப் பாட்டியே திறந்தார்.

4. எதையும் எரிக்கவில்லை. இரும்பும் அட்டையும் பழைய சாமான் கடைக்குச் சென்றன. பேட்டரியையும் கம்பிகளையும் தனியே கட்டித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுத்தோம்.

5. தாள்களைப் பத்திரம், கல்வி, மருத்துவம், ரசீது என நான்கு உறைகளில் இட்டுத் தகரப் பெட்டியில், ஈரம் படாத உயரத்தில் வைத்தோம். பத்திர எண், ஆண்டு, பதிவான அலுவலகம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, அதன் நகலை அத்தை வீட்டில் கொடுத்து வைத்தோம்.

இப்பணிக்கு ஒரு நாள் போதவில்லை. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. குடைகளில் ஒன்று பழுதுபார்க்கப்பட்டு இன்று தம்பியோடு பள்ளிக்குச் செல்கிறது.

ஐந்தாம் ஞாயிறு தாள்களைப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பழைய திருமண அழைப்பிதழுக்குள் மடித்து வைத்த தாள் ஒன்று விழுந்தது. அம்மாவின் எட்டாம் வகுப்புச் சான்றிதழ். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. அம்மாவுக்குக் கணக்கு வரும் என்பது எங்கள் எவருக்கும் தெரியாது. அம்மா அதை வாங்கிப் பார்த்து, 'இது எங்கேயோ போயிடுச்சுன்னு நெனச்சேன்' என்று மட்டும் சொன்னார். பரணில் கிடந்த பலகையை இழைத்து, அடுப்பங்கரைச் சுவரில் அப்பா ஒரு தட்டு அடித்துக் கொடுத்தார். அதில் வேறு எவர் பொருளையும் வைப்பதில்லை.

முடிவுரை

வீட்டை ஒழுங்கு செய்தல் பெண்டிர் வேலை என்றோ, பண்டிகைக்கு ஒரு நாள் செய்யும் சடங்கு என்றோ எண்ணுதல் தகாது. நூலகரின் வகைப்பாட்டு அறிவும் வரலாற்று மாணவரின் ஆவணப் பற்றும் அதற்குத் தேவை. இவ்விரண்டையும் கல்லூரியில் கற்கும் நாம், அவற்றை வீட்டு வாசலோடு விட்டுவிடலாமா? வரும் போகிக்குள் நண்பர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டில் உள்ள தாள்களை மட்டுமேனும் ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்ப்பார்களாக. கழிய வேண்டியவை காலத்தால் கழியட்டும்; நாம் கழிப்பனவற்றை அறிந்து கழிப்போம்.