வீட்டில் தக்காளிச் சாறு

விளைச்சல் மிகுந்து சந்தையில் தக்காளி விலை வீழும் நாட்களில், கமக்காரர் நன்கு பழுத்தவற்றை வீட்டுக்கெனச் சாறாக்கிக்கொள்ளலாம். பூச்சிநாசினி தெளித்த செடியாயின், போத்தலிற் குறித்த நாட்கள் கழியுமுன் பறித்தலாகாது. தம் வீட்டார் அருந்தத் தகாததைச் சந்தைக்கு அனுப்புதலும் முறையன்று. பழங்களைக் கழுவி மசித்து, துணியில் வடித்து, சிறிது உப்பும் மிளகுத்தூளும் சேர்க்க. புளிப்புப் பட்டால் பித்தளையும் செம்பும் களிம்பேறும். பீங்கான் பாத்திரமே ஏற்றது. விற்றமின் சீ குறையுமுன் உடனே அருந்துக.

சாற்றில் தண்ணீர் கலவாதிருத்தல் நன்று. குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் அமைந்தவை. மலக்குழிக் கழிவும் தோட்டத்து உரமும் எளிதில் அவற்றை அடைகின்றன. கொதிக்கவைத்தால் கிருமிகள் மடியும். உரத்தால் வரும் நைத்திரேற்று நீங்காது. அது கைக்குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலன்றிச் சாறு எதுவும் கொடுக்கலாகாது.